ஏழு நாளும் வெயில் என்று சொன்னவர்

எங்கள் ஊர் துளசிராமனைப் பற்றி எழுதும்போது ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். வயதில் மூத்தவர். நிலம் உள்ள வீடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டோர் கீப்பர். என் வாயில் வருவது வேறு வார்த்தை. அச்சில் வரப்போகிறதே என்று அடக்கிக்கொள்கிறேன். எவ்வளவு தூரம் அடக்க முடிகிறது என்று பார்ப்போம்.

ஸ்டோர் கீப்பர் என்றால் பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். போல்ட்டையும் நட்டையும் பிரித்து டப்பாவில் போட்டுவைத்து, கேட்டு வருகிறவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற வேலை. அதற்கே ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி வாங்கப் போகும்போதும் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும். கறிக்கடையில் நாலு பேர் நின்றால் போதும், தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பார். யாராவது “இன்னாண்ணே, மழை வருமா?” என்று கேட்கிற வரைக்கும் தலையை இறக்க மாட்டார். கழுத்து வலித்தாலும் சரி.

வானத்தைப் பற்றி இந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புயல் வந்தது. ஊரில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. துளசிராமன் வீட்டில் மட்டும் பேட்டரி ரேடியோ இருந்தது. அதில் சொன்னதைக் கேட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். நெற்றிக்கு மேல் கையை வைத்துக் கிழக்கே பார்த்தார். “இன்னும் ரெண்டு மணி நேரத்துல காத்து திரும்பும்” என்றார். திரும்பியது. ரேடியோவைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்றைக்கு ஊர் ஜனம் வாயைப் பிளந்தது, இன்னும் மூடவில்லை.

அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் குரல் வரும். “வணக்கம் ஜனங்களே, துளசி பேசறேன்.” தொண்டையைச் செருமுவதுகூட அதில் பதிவாகியிருக்கும். வானிலை ஆபீஸ் எழுதிப் போடுவதை அப்படியே போனில் பார்த்துப் படிப்பார், அவ்வளவுதான் வித்தை. நடுவில் ‘நம்ம கணக்குப்படி’ என்று ஒரு வார்த்தையைச் செருகுவார். என்ன கணக்கோ, நட்டு போல்ட்டுக் கணக்கு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் முழுசாகப் படிப்பார். போன வருடம் ஆவணியில் ஒரு வாரம் முழுக்க, “பெரும்பாலும் வறண்ட வானிலை, ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும்” என்று தினமும் அதையே படித்தார். ரேஷன் கடை வரிசையில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவரும் நின்றார். என் வாய் சும்மா இருக்குமா?

“இன்னாண்ணே, ஓரிரு இடம் ஓரிரு இடம்னு சொல்லிக்கினே கீற? ஓரிரு இடம்னா எந்த இடம்? உன் ஊட்டு மேலயா, என் ஊட்டு மேலயா? அட்ரஸ் போடுண்ணே, நாங்க குடை எடுத்துக்கினு வரோம்” என்றேன்.

வரிசையே சிரித்தது. பாமாயில் ஊற்றுகிறவர்கூட அளவுக் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் முதல் அவருக்குப் பெயர் ‘ஓரிரு துளசி’. சைக்கிளில் போகிற பிள்ளைகள் கத்திக்கொண்டே போகும். எனக்கு ஒரே பெருமை. ஒரு மாதம் இதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தேன்.

அத்தோடு அந்த இரண்டு வார்த்தையையும் அவர் தூக்கிப் போட்டுவிட்டார். மழை என்றால் மழை, வெயில் என்றால் வெயில். நடுவில் பேச்சே கிடையாது. ஊருக்கும் அதுதான் பிடித்தது. “இப்பதான்யா ஆம்பள மாதிரி சொல்றாரு” என்றார் முனுசாமி. இவர் சொல்வதற்கு வானம் கட்டுப்படும் என்று நினைக்கிற ஆளுக்குத்தான் பத்து ஏக்கர் நிலம்.

முனுசாமியைப் பற்றிச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது. என் அப்பா தாவீது முப்பது வருடம் அவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நான் பள்ளிக்கூடம் முடித்ததும் சிப்காட்டில் பேக்கிங் வேலைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் அங்கேயே இன்னொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எங்கள் கம்பெனி கதவைச் சாத்திய பிறகு எனக்கு வேலை இல்லை. இந்த வருடம் சித்திரையில் முனுசாமியிடம் போய், ரோட்டோரம் இருக்கிற ஒரு ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீயா? நெல்லா? புள்ள திருநின்றவூர்ல ஃப்ளாட்டு வாங்கணும்னு நிக்கறான், அந்த நெலத்த ப்ளாட்டு போட குடுத்துடலாம்னு பாக்கறேன்” என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, “சரி, ஒரு போகம் பாரு. உன் நெல்லு கொள்முதல் சென்டர்ல ஏறிச்சுன்னா அடுத்த போகமும் உனக்குத்தான். ஏறலன்னா ப்ளாட்டுக் கல்லு நட்டுடுவேன், அப்புறம் வந்து அழக் கூடாது” என்றார்.

எங்கள் குடும்பத்தில் எத்தனையோ பேர் நெல் அறுத்திருக்கிறார்கள். தன் பெயரைச் சொல்லி நெல்லை சென்டருக்குக் கொண்டுபோனவர் ஒருவரும் இல்லை. நான் கொண்டுபோக வேண்டும் என்று இருந்தேன். சித்திரையில் போட்டு ஆவணியில் அறுக்கிற சொர்ணவாரிப் பட்டம். நான்கு மாதம் அந்த ஏக்கரை விட்டு நகரவில்லை. நெல் நன்றாகவே வந்தது.

ஆவணிக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் குரல் வந்தது. “வணக்கம் ஜனங்களே, துளசி பேசறேன். நாளையிலேர்ந்து ஏழு நாளும் வெயில். முப்பத்தேழு, முப்பத்தெட்டு டிகிரி. கடல் காத்து லேட்டாத்தான் வரும். நம்ம கணக்குப்படி ஒரு சொட்டு கிடையாது. தைரியமா அறுங்க, தைரியமா காய வைங்க.”

சென்டரை அந்த சனிக்கிழமையோடு மூடப்போகிறார்கள் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். இவரும் இப்படிச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலையிலேயே அறுப்பு மிஷினைக் கூப்பிட்டேன்.

ஊருக்குப் பொதுவாகச் சிமென்ட் களம் ஒன்று இருக்கிறது. அதில் முறை வைத்துத்தான் காய வைக்க வேண்டும். நிலம் உள்ள வீடுகள் முடித்து என் முறை வர, அடுத்த வாரம் ஆகிவிடும். சென்டர் மூடிய பிறகு எனக்கு எதற்குக் களம்? ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, என் பழைய கம்பெனிக்குப் பின்னால், வண்டி போகாத தார் ரோடு ஒன்று கிடந்தது. நெல்லை அங்கே கொட்டிப் பரப்பினேன். தார் ரோட்டில் வெயில் இரண்டு பங்கு ஏறும். செருப்பைக் கழற்றினால் கால் பொத்துப்போய்விடும். செவ்வாய், புதன் இரண்டு நாளும் காலாலேயே கோதிக் கோதிவிட்டேன். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடித்து வந்து கோதினார்.

புதன்கிழமை ஒரு படி நெல்லை எடுத்துக்கொண்டுபோய் சென்டரில் ஈரம் பார்த்தேன். மீட்டர் பதினெட்டரை காட்டியது. பதினேழுக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். “இன்னும் ஒரு நாள் வெயில்ல போடும்மா, ஏறிடும்” என்று சொல்லி, வெள்ளிக்கிழமைக்கு டோக்கன் கொடுத்தார்கள். அதில் என் பெயர், ‘ஹெலன்’ என்று எழுதியிருந்தது. நான் அதை பைபிளுக்குள் வைத்தேன். சிரிக்காதீர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் எதற்கும் இருக்கட்டும் என்று துளசிராமன் வீட்டுக்குப் போனேன். உழவர் குழுவுக்கென்று கவர்மென்டில் கொடுத்த மூன்று பெரிய பச்சைத் தார்ப்பாய்கள் அவர் வீட்டுப் பரணில்தான் இருக்கும். ஊருக்கே பொது. ஆனால் அவர் வெயில் என்று சொன்ன வாரத்தில் தார்ப்பாய் கேட்கக் கூடாது என்று ஒரு வழக்கம் எப்படியோ ஏற்பட்டுவிட்டது. கேட்டால் அவரை நம்பவில்லை என்று அர்த்தமாம். கேட்டவர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். வெங்கடேசன் என்று ஒருத்தர் ஒருமுறை கேட்டுவிட்டு, பத்து நாள் டீக்கடைப் பக்கமே வரவில்லை.

துளசிராமன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முனுசாமியும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள்.

“அண்ணே, ஒரு தார்ப்பாய் வேணும். ஒரு நாளைக்குத்தான்” என்றேன்.

“இன்னாத்துக்கு?”

“எதுக்கும் இருக்கட்டும்னுதான்.”

“ஏழு நாளும் வெயில்னு தொண்டை கிழிய சொல்லிக்கினு கீறேன். நீ தார்ப்பாய் கேக்கற. என்மேல நம்பிக்கை இல்லன்னா நீயே ஒரு குழு ஆரம்பிச்சு சொல்லேன், கேட்டுக்கறோம்.”

முனுசாமி சிரித்தார். நிலம் அவர் கையில் இருக்கிறது. அவர் முன்னால் வாயாடுகிறவள் என்று பெயர் எடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அது அந்த நாளாக இருந்தது பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆசீர்வாதம், “நான் பஜார்ல ஒண்ணு வாங்கியாறேன் ஹெலனு, இன்னா ஆவப்போவுது” என்றார். “ஒரு நாளுக்கு எதுக்கு? அதான் மூணு நாளா சுள்ளுன்னு அடிக்குதே” என்று நான்தான் தடுத்தேன். துளசிராமனைத் திட்டுகிற நேரத்தில் இதையும் சொல்லிவிட வேண்டும். தெரிந்தே முட்டாளானவள் நான்.

வியாழக்கிழமை மூன்று மணி வரைக்கும் கண் கூசுகிற வெயில். நெல் காலில் சலசலவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. கடித்துப் பார்த்தேன், டக்கென்று உடைந்தது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டுக் குவித்துவிடலாம் என்று இருந்தேன். நாலரைக்கு மேற்கே மாதர்பாக்கம் பக்கம் வானம் கறுத்தது. முதலில் கம்பெனிப் புகை என்று நினைத்தேன். காற்று குளிர்ந்து அடித்ததும் பலகையை எடுக்க ஓடினேன்.

ஆசீர்வாதத்தை அன்றைக்கு ரெண்டாம் ஷிப்டுக்கு மாற்றியிருந்தார்கள், போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. நான் தனி ஆள், ஒரு ஏக்கர் நெல். பலகையால் தள்ளித் தள்ளிக் குவிக்கப் பார்த்தேன். பாதிகூட ஆகவில்லை. முதல் சொட்டு விழுந்ததும் போனை எடுத்துக் குழுவில் கத்தினேன். “இங்க கம்பெனி ரோட்ல மழை வந்துடுச்சு! யாராவது அந்தத் தார்ப்பாய எடுத்துக்கினு வாங்க! வண்டில வந்தா அஞ்சு நிமிஷம்! ஓடியாங்க!”

துளசிராமனிடமிருந்து உடனே பதில் வந்தது. ஒரு போட்டோ. நீல வானம், ஒரு துண்டு மேகம் இல்லை. கீழே எழுதியிருந்தார்: “இங்க நல்ல வெயில் ஹெலன்மா. குழுவுல வதந்தி பரப்ப வேண்டாம்.”

அதன் கீழே கட்டைவிரல்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. பத்து, இருபது, முப்பது. மழை போன் மேல் கொட்டுகிறது, நான் புடவையால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன். அப்போதுதான் அந்தப் போட்டோவின் கீழ் ஓரம் என் கண்ணில் பட்டது. மாடியில் நின்று வானத்தை எடுத்திருக்கிறார். கீழே அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சொந்தக் களமும் கொஞ்சம் விழுந்திருக்கிறது. களத்தில் அவர் நெல் குவியல் மூன்று. மூன்றின் மேலும் பச்சைத் தார்ப்பாய், சுற்றிலும் கல் வைத்து, காற்று புகாமல் இறுக்கி மூடியிருந்தது.

சுள்ளென்ற வெயிலில் தன் நெல்லை மூடி வைத்திருக்கிறான். மன்னிக்கவும், அவர் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இல்லை, அவன்தான். மானங்கெட்டவன்.

முக்கால் மணி நேரம் பெய்தது. அந்த ரோடு நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து கிடக்கும், மழைத்தண்ணீர் கால்வாய்க்கு ஓடுவதற்காக. தண்ணீரோடு நெல்லும் ஓடியது. நான் உள்பாவாடையோடு நின்று, புடவையை ஒரு குவியல் மேல் விரித்து, அதன் மேல் படுத்துக்கொண்டேன். என் உடம்பு எவ்வளவு நெல்லை மூடும்? வாய்விட்டு அழுதேன். யாரும் வரவில்லை. மழை நின்றபோது ஊர்ப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, இங்கிருந்தே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவன் வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் திறந்தது அவன் மனைவி நர்மதா. சூதுவாது தெரியாத பெண்.

“நர்மதாக்கா, வெயில்ல எதுக்கு உங்க நெல்லுக்குத் தார்ப்பாய்?” என்று கேட்டேன்.

“அவரு காலை ஷிப்ட் முடிஞ்சு வந்து தினமும் மூணு மணிக்கே மூடிடுவாரு ஹெலனு. ஆபீஸ்காரங்க போடறத முழுசா படிப்பாரு இல்ல. ஓரிரு இடத்துல மழைன்னு இந்த வாரமும் போட்டிருந்தாங்களாம். அது நம்ம இடமா இருந்துட்டா இன்னா பண்றதுன்னு மூடிட்டாரு” என்றாள். சொல்லிவிட்டு, “ஏன், உனக்கு நனைஞ்சிடுச்சா?” என்று பதறினாள்.

உள்ளேயிருந்து அவன் வந்தான். கழுத்தில் அட்டை. நான் கேட்டேன். இங்கே எழுத முடியாத வார்த்தையெல்லாம் சேர்த்துக் கேட்டேன். “உனக்குத் தெரிஞ்சிருக்கு. உன் நெல்ல மூடத் தெரிஞ்சிருக்கு. ஜனங்ககிட்ட அத்த ஏன்யா சொல்லல? நான் தார்ப்பாய் கேட்டப்போகூட ஏன்யா சொல்லல?”

அவன் கழுத்து அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். அப்புறம் கோபமாக இல்லை, மனசில் புண் இருக்கிற குரலில் சொன்னான். “சொன்னா நீ சிரிப்ப. ரேஷன் கடையில எந்த இடம், அட்ரஸ் போடுன்னு கேட்டவ நீதானே? ஒரு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் பசங்க என்ன ஓரிரு துளசின்னுதான் கூப்புடறானுங்க. மறுபடியும் நான் அத்த சொல்லணுமா?”

நான் கம்பெனி ரோட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வெயில் மறுபடி கொளுத்தியது. மிஞ்சிய நெல்லைப் பரப்பிப் போட்டேன். அடியில் இருந்தது முளை விட்டிருந்தது, மேலே இருந்தது கறுத்திருந்தது. சனிக்கிழமை மதியம் சென்டருக்கு ஏற்றிக்கொண்டு போனோம். மீட்டர் இருபத்திரண்டு காட்டியது. மீட்டர் பிடித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நான் இன்னாம்மா பண்றது, மீட்டர் காட்டறதத்தான எழுதணும்” என்றார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வாத்து மேய்க்கிறவர்கள் வந்து தீவனத்துக்கு அந்த நெல்லை அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் குரல் வந்தது. “வணக்கம் ஜனங்களே, துளசி பேசறேன். ஏழு நாளும் வெயில்னு சொன்னோம், நம்ம கணக்குப்படியே நடந்துச்சு. நம்ம ஊர்ல ஒரு சொட்டு விழல.” பொய் இல்லை. ஊர் எல்லைக்குள் ஒரு சொட்டு விழவில்லை. எல்லார் நெல்லும் காய்ந்தது, எல்லார் நெல்லும் சென்டரில் ஏறியது. அறுபத்து மூன்று கட்டைவிரல்கள். ஒன்று முனுசாமியுடையது. கம்பெனி ரோட்டில் ஒருத்தி நெல்லோடு படுத்துக் கிடந்ததை எந்த நாய் நினைத்தது? “ஊர்ல எல்லாருக்கும் காஞ்சுது, இவளுக்கு மட்டும் காயலியா? பாத்து காய வெக்கத் தெரியல” என்று டீக்கடையில் பேசினார்களாம். புயல் அன்றைக்கு வாயைப் பிளந்த அதே ஜனம்தான்.

திங்கட்கிழமை முனுசாமி கல் நட ஆள் விட்டார். நான் ரோட்டில் நின்று பார்த்தேன். மண் இறுகிக் கிடந்தது. கடப்பாரை இறங்கவில்லை. ஒருவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “இன்னா வெயிலுக்கா, ஒரு மழை பெஞ்சா நல்லாருக்கும்” என்று என்னிடம் சொன்னான். நான் தலையை ஆட்டினேன்.

ஓரிரு இடம்னா எந்த இடம், அட்ரஸ் போடு என்று அன்றைக்குக் கேட்டேன். என் அட்ரஸ்தான்.